கார்பன் ஃபைபரில் வாத்தியம் செய்தால் அது எப்படிப் பாடும்?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: மரத்திலும் தோலிலும் உலோகத்திலும் காலங்காலமாகச் செய்துவரும் வாத்தியங்களை கார்பன் ஃபைபரில் செய்வதாகக் கற்பனை செய்துகொண்டால், அவை எப்படி ஒலிக்கும்? எதற்கு அது ஒத்துவரும், எதற்கு வராது?

இதில் பாதி இப்போது கற்பனையே இல்லை. கார்பன் செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்), கார்பன் கிட்டார், வயலின் வாசிக்கும் கார்பன் வில், கார்பன் புல்லாங்குழல் எல்லாம் புழக்கத்தில் இருக்கின்றன. மீதிப் பாதிதான் எனக்கு அதிகம் பிடித்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன். என் கருத்தை இப்போதே வைத்துவிடுகிறேன். கார்பன் ஃபைபரிடம் "மரம் மாதிரி பாடு" என்று கேட்டால் அது சிரமப்பட்டுத்தான் பாடும். "மரத்தால் முடியாமல் போனது எது?" என்று கேட்டால் அதன் சொந்தக் குரல் வெளியே வரும். பெரும்பாலான பேச்சு முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற செயற்கை இழையைப் பதப்படுத்தி, காற்றில்லாத உலையில் ஆயிரம் டிகிரிக்கும் மேலே சூடாக்கினால் கார்பன் தவிர மற்றதெல்லாம் ஏறக்குறைய வெளியேறிவிடும். மிஞ்சுவது 5 முதல் 7 மைக்ரான் தடிமனுள்ள கறுப்பு இழை. தலைமுடியில் பத்தில் ஒரு பங்குதான். இந்த இழை தனியாக இருந்தால் துணி மாதிரி துவளும். எபாக்சி பிசினோடு சேர்த்து, அச்சில் படியவைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகவிட்டால்தான் விறைப்பான தகடாக மாறும்.

இந்த வேலையை ஒருமுறை கிட்டத்தில் நின்று பார்த்தால் விஷயம் சட்டென்று புரிந்துவிடும். பிசின் ஏற்றிய துணியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுக்கிறார்கள். கையில் லேசாக ஒட்டும். மேலே இருக்கும் காகிதத்தை உரித்துவிட்டு, அச்சின் வளைவுக்கு ஏற்றபடி விரலால் நீவி நீவிப் படியவைக்கிறார்கள். முதல் அடுக்கின் இழை நீளவாக்கில் ஓடும். அடுத்தது 45 டிகிரி சாய்ந்து, அதற்கடுத்தது குறுக்காக. எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, எந்தத் திசையில் இழை என்பதுதான் முழு ரகசியமும். இழை ஓடும் திசையில் அந்தத் தகடு எஃகை நெருங்கும் விறைப்போடு நிற்கும். குறுக்குத் திசையில் பிசினின் பலம் மட்டும்தான்.

மரமும் இப்படித்தான். செல்லுலோஸ் நார்களை லிக்னின் என்ற பசை பிடித்து வைத்திருக்கும் இயற்கையான இழைக் கலவை அது. வயலின், கிட்டார், பியானோ மூன்றின் மேற்பலகைக்கும் பயன்படும் ஸ்ப்ரூஸ் மரத்தில் நார் ஓடும் திசையில் இருக்கும் விறைப்பு, குறுக்கே இருப்பதைப்போல பத்து மடங்குக்கும் மேல். ஆகவே கார்பன் ஃபைபர் மரத்துக்கு முற்றிலும் அந்நியமான பொருள் என்று நினைக்கத் தேவையில்லை. ஒரே குடும்பம், வேறு தலைமுறை என்று வைத்துக்கொள்ளலாம்.

"கார்பன் இலேசானது, பலமானது, அதனால் சத்தமும் பெரிதாக வரும்" என்று பலர் எழுதுகிறார்கள். இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். ஸ்ப்ரூஸின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறக்குறைய 420 கிலோ. கார்பன்-எபாக்சி தகடு 1,550 முதல் 1,600 கிலோ. அதாவது மரத்தைவிட நாலு மடங்கு கனம்! விமானத்தின் அலுமினியத்தோடு ஒப்பிட்டால்தான் கார்பன் இலேசு. ஸ்ப்ரூஸ் பக்கத்தில் வைத்தால் அது பாரம். விறைப்பில் நார்த்திசையில் ஸ்ப்ரூஸ் சுமார் 11 ஜிகாபாஸ்கல், ஒரே திசையில் இழை ஓடும் கார்பன் 130 ஜிகாபாஸ்கல் வரை.

இப்போது 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்ப்ரூஸ் பலகைக்குப் பதிலாக, அதே எடையில் ஒரு கார்பன் தகடு செய்கிறோம் என்று வையுங்கள். எடை சமமாக இருக்க வேண்டுமென்றால் அதன் தடிமன் 0.8 மில்லிமீட்டர்தான் இருக்க முடியும். ஒரு பலகை வளையாமல் நிற்கும் திறன் தடிமனின் மூன்றாம் படியைப் பொறுத்தது. பொருள் பன்னிரண்டு மடங்கு விறைப்பாக இருந்தாலும், தடிமன் குறைந்ததால் போகும் இழப்பு ஐம்பது மடங்கு. முடிவில் அந்தக் கார்பன் தகட்டின் விறைப்பு ஸ்ப்ரூஸ் பலகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும். மரத்தின் வெற்றி அதன் உள்ளே இருக்கும் காற்றில் இருக்கிறது. லட்சக்கணக்கான வெற்றுக் குழாய்களை அடுக்கிக் கட்டிய மாதிரி இருப்பதால்தான் அது இத்தனை இலேசாகவும் தடிமனாகவும் இருக்க முடிகிறது.

இதைக் கையால் சோதித்துப் பார்க்கலாம். ஒரு ஸ்ப்ரூஸ் பட்டையை எடுத்து, நுனியிலிருந்து நீளத்தில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இரண்டு விரலால் இலேசாகப் பிடித்துத் தொங்கவிடுங்கள். நடுவில் விரல்கணுவால் தட்டினால் உருண்டையான ஒரு ஒலி எழும்பி, சீக்கிரமே மெத்தென்று அடங்கும். அதே நீளம், அதே அகலம், அதே எடையில் ஒரு கார்பன் பட்டையைப் பிடித்துத் தட்டுங்கள். மேலே போகும் என்று எதிர்பார்த்த சுருதி, ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இருக்கும். ஆனால் அந்தக் கீழ் ஒலியின் மேலே மெல்லிய ஒரு மினுமினுப்பு, கண்ணாடி விளிம்பைத் தொட்ட மாதிரி, நீண்ட நேரம் நிற்கும்.

அந்த மினுமினுப்புதான் கார்பனின் குணம். எந்தப் பொருளும் அதிரும்போது தன்னுள்ளே கொஞ்சம் ஆற்றலை உராய்வாகத் தின்றுவிடும். மரம் நிறையவே தின்னும், அதிலும் உயர்ந்த அதிர்வெண்களில் இன்னும் அதிகம். கம்பியிலிருந்து வரும் கூரிய மேலொலிகளை (அடிப்படை ஸ்வரத்தோடு கூடவே எழும் உயர்ந்த ஒலிகளை) மரம் வடிகட்டித் தணித்துக் கொடுப்பதால்தான் "மரத்தின் கதகதப்பு" என்று நாம் சொல்லும் அந்த நாதம் கிடைக்கிறது. கார்பன் இழை நார்த்திசையில் மிகக் குறைவாகவே தின்னும். மேலொலிகள் அப்படியே வந்து காதில் விழும். சிலருக்கு அது தெளிவு, சிலருக்குக் காது கூசும். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே நல்ல கார்பன் வாத்தியம் செய்பவர்கள் வெறும் தகட்டை நம்புவதில்லை. மேலும் கீழும் மெல்லிய கார்பன் தோல், நடுவில் மிக இலேசான பால்சா மரமோ நுரையோ தேன்கூட்டு அட்டையோ வைத்து ஒட்டுகிறார்கள். மரத்தின் வெற்றுக் குழாய்கள் செய்யும் வேலையை இந்த நடுப்பொருள் செய்கிறது: எடை ஏறாமல் தடிமன் கிடைக்கிறது. இது புதிய யோசனையும் இல்லை. வயலின் ஒலியியலில் பெரிய ஆராய்ச்சிகள் செய்த கார்லீன் ஹட்சின்ஸும், பொறியாளர் டேனியல் ஹெய்ன்ஸும் 1970-களின் நடுவிலேயே கார்பன் மேற்பலகை வைத்த வயலினையும் கிட்டாரையும் செய்து அளந்து எழுதியிருக்கிறார்கள். ஹெலிகாப்டர் பொறியாளரான சார்ல்ஸ் காமன் தொடங்கிய ஓவேஷன் நிறுவனம் 1976-இல் அடமாஸ் என்ற கிட்டாரை வெளியிட்டது. பர்ச் மரத்தின் இரு பக்கமும் கார்பன் தோல் போட்ட மேற்பலகை அதற்கு. சுழலும் இறக்கையில் அதிர்வை அடக்கத் தெரிந்தவர்கள், கிட்டாரில் அதிர்வை வளர்க்க இறங்கியது எனக்கு எப்போதும் அழகாகவே படும்.

மரத்தையும் கார்பனையும் கலந்து வெற்றி பெற்றவர்களில் ஆஸ்திரேலியாவின் கிரெக் ஸ்மால்மன் முக்கியமானவர். செவ்வியல் கிட்டாரின் மேற்பலகையைக் காகிதம்போல மெல்லியதாக இழைத்து, அடியில் பால்சாவும் கார்பனும் சேர்ந்த மெல்லிய சட்டங்களை வலை மாதிரி பின்னினார். பாடும் பலகை மரம், அதை ஏந்தி நிற்கும் எலும்பு கார்பன். ஜான் வில்லியம்ஸ் மாதிரியான கிட்டார் கலைஞர் பல பத்தாண்டுகள் அதை வாசித்தார் என்பதே போதுமான சான்று.

கம்பி வாத்தியங்களின் கழுத்துக்கு கார்பன் கச்சிதமாகப் பொருந்தும். கழுத்துக்கு அசையாமல் நிற்பதுதான் வேலை. மரக்கழுத்து கம்பியின் இழுப்புக்கு மெல்ல வளையும். சில ஸ்வரங்களில் கழுத்தும் கூடவே அதிர்ந்து கம்பியின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும். பேஸ் கிட்டார் வாசிப்பவர்களுக்கு அந்த "செத்த இடம்" நன்றாகத் தெரியும்: மற்ற எல்லா ஸ்வரமும் நீண்டு நிற்க, அந்த ஒன்று மட்டும் பொத்தென்று விழும். 1970-களில் விண்வெளித் துறைப் பொறியாளர் ஜெஃப் கூல்ட் கார்பன் கழுத்தைக் கொண்டுவந்தது இதற்குத்தான். அப்புறம் வந்த நெட் ஸ்டெயின்பெர்கர், தலையே இல்லாத சின்னப் பேஸ் கிட்டாரை முழுக்கவே இழைக் கலவையில் வார்த்தார். அது மரக் கிட்டாரின் நகல் மாதிரி தெரியவில்லை. அதனாலேயே அது நின்றது.

வில்லைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. கார்பன் முழுமையாக ஜெயித்த இடம் அதுதான். வயலின் வில்லின் எடை சுமார் 60 கிராம். அதற்குள் விறைப்பு, துள்ளல், சமநிலை மூன்றும் இருக்க வேண்டும். இரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்த வேலைக்குப் பிரேசிலின் பெர்னம்புகோ மரம்தான். அந்தக் காடுகள் அழிந்துபோனதால் 2007-இல் அந்த மரம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வில்லில் சுவரோ பலகையோ கிடையாது, ஒரு குச்சிதான்; இழையின் திசையையும் அடுக்கையும் மாற்றி அதன் விறைப்பை வேண்டியபடி அமைத்துவிடலாம். இன்று மாணவர்களுக்கு மட்டுமல்லாமல் மேடைக் கலைஞர்களுக்கும் கார்பன் வில் சாதாரணமாகிவிட்டது. உச்சத்திலிருக்கும் பழைய பெர்னம்புகோ வில்லுக்குத் தனிச் சுவை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நடுத்தர மரவில்லுக்கும் நல்ல கார்பன் வில்லுக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயங்காமல் கார்பனையே எடுப்பேன்.

அடுத்தது தட்பவெப்பம். காற்றின் ஈரம் ஏறினால் மரம் உப்பும், இறங்கினால் சுருங்கும். 40 சென்டிமீட்டர் அகலமுள்ள கிட்டார் மேற்பலகை, வறண்ட பருவத்துக்கும் ஈரப் பருவத்துக்கும் இடையே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம் மாறக்கூடும். ஓரங்களில் ஒட்டிப் பிடித்திருக்கும் பலகைக்கு அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போவதற்கு இடம் கிடையாது; ஒன்று மேலே புடைக்கும், இல்லாவிட்டால் வெடிக்கும். கார்பனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஹவாயின் ஈரக்காற்றில் பிறந்த ரெயின்சாங் கிட்டாருக்கு அந்தப் பெயர் வந்ததே இதனால்தான். அதைத் தொடங்கிய ஜான் டெக்கர் ஒரு இயற்பியலாளர்.

ஆனால் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். "கார்பன் வாத்தியத்தில் சுருதி இறங்கவே இறங்காது" என்று சொல்வது தவறு. இழைத்திசையில் கார்பன் சூட்டுக்கு ஏறக்குறைய விரிவதே இல்லை. எஃகுக் கம்பி விரியும். மரக் கழுத்தாவது கம்பியோடு சேர்ந்து கொஞ்சம் விரிந்து ஈடுகட்டும். கார்பன் அப்படியே நிற்கும். ஆகவே வெயிலில் வைத்தால் கார்பன் வாத்தியத்திலும் கம்பியின் சுருதி இறங்கத்தான் செய்யும். உடம்பு கோணாது, விரிசல் விடாது, கம்பிக்கும் விரல்பலகைக்கும் உள்ள இடைவெளி மாறாது என்பதுதான் உண்மையான லாபம். அதுவே பெரிய லாபம்.

இதற்கு நல்ல உதாரணம் 2009 ஜனவரியில் பராக் ஒபாமா பதவியேற்ற நாள். உறையவைக்கும் குளிரில் திறந்தவெளி மேடை. செல்லோ கலைஞர் யோ-யோ மா, வயலின் கலைஞர் இட்சாக் பெர்ல்மன் உள்ளிட்ட நால்வர் அங்கே அமர்ந்து வாசித்தார்கள். ஆனால் மக்கள் கேட்டது இரண்டு நாள் முன்பே பதிவுசெய்து வைத்த ஒலி. அந்தக் குளிரில் மரவாத்தியங்களையும் பியானோவையும் நம்ப முடியாது என்பதுதான் காரணம். யோ-யோ மாவிடம் கார்பன் செல்லோவும் உண்டு. அதைக் கொண்டுவரலாமா என்று யோசித்தவர், அதன் புதுமையான தோற்றம் பார்ப்பவர்களின் கவனத்தைத் திருப்பிவிடும் என்று விட்டுவிட்டார். காது ஏற்றுக்கொண்டிருக்கக் கூடியதைக் கண் தடுத்துவிட்டது.

கண்ணின் ஆதிக்கம் எவ்வளவு என்பதற்கு இன்னொரு சோதனையையும் சொல்ல வேண்டும். கிளாடியா ஃபிரிட்ஸ், ஜோசப் கர்ட்டின் குழுவினர் 2010-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 21 வயலின் கலைஞர்களுக்கு, எதுவும் சரியாகத் தெரியாதபடி கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டு, ஸ்ட்ராடிவாரி, குவார்னேரி என்ற புகழ்பெற்ற இத்தாலியக் கைவினைஞர்கள் காலத்துப் பழைய வயலின்களையும் புதிதாகச் செய்தவற்றையும் வாசிக்கக் கொடுத்தார்கள். பழையது எது, புதியது எது என்று அவர்களால் நம்பகமாகச் சொல்ல முடியவில்லை. பலருக்கும் பிடித்தது புதியதுதான். அந்தச் சோதனையில் இருந்தவை எல்லாம் மர வயலின்கள், அதனால் கார்பனுக்கு நேரடிச் சான்றாக இதைக் காட்ட முடியாது. ஆனால் "இது மரம், அதனால் இனிமை" என்று மனம் முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டாம்.

யோ-யோ மாவின் அந்த கார்பன் செல்லோவை உருவாக்கியவர் லூயிஸ் லெகியா. பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவில் செல்லோ வாசித்தவர். பாய்மரப் படகோட்டுவதில் ஆர்வம் உள்ளவர். படகின் இழைக் கலவை உடம்பு தண்ணீரில் பட்டு முழங்குவதைக் கேட்டுத்தான் இந்த யோசனை வந்தது. முதலில் கண்ணாடி இழையில் முயன்று பார்த்துவிட்டு, பிறகு கார்பனுக்கு வந்தார். அவருடைய செல்லோவைப் பக்கத்தில் பார்த்தால் சில விஷயங்கள் கண்ணில் படும். மர செல்லோவின் இடுப்பில் துருத்திக்கொண்டிருக்கும் நான்கு மூலைகள் இதில் இல்லை. பலகை விளிம்பு விலாவை (பக்கச் சுவரை) தாண்டி வெளியே நீட்டவில்லை. சுருள் தலை இல்லை. இதெல்லாம் அலங்காரத்துக்காக நீக்கப்பட்டவை என்று நினைத்துவிடக் கூடாது. மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து இணைக்க மூலைக்கட்டை தேவைப்பட்டது, அதனால் மூலை வந்தது. பழுது பார்க்கப் பலகையைக் கழற்றி மறுபடி ஒட்டும்போது சிறிய பிசகு தெரியாமல் இருக்க விளிம்பு நீட்டல் உதவியது. கார்பனில் அந்தத் தேவைகள் இல்லை, ஆகவே அந்த உறுப்புகளும் இல்லை.

இனி காற்று வாத்தியங்கள். இங்கே நான் சொல்லப்போவது பலருக்குப் பிடிக்காது. புல்லாங்குழலில் பாடுவது குழாயின் சுவர் இல்லை, உள்ளே இருக்கும் காற்றுத் தூண். 1971-இல் ஜான் கோல்ட்மன் வெள்ளி, செம்பு, மரம் மூன்றிலும் ஒரே உள்ளளவில் குழல் செய்து, திரைக்குப் பின்னால் வாசிக்கவைத்துச் சோதித்தார். கேட்டவர்களால் வேறுபாடு கண்டுபிடிக்க முடியவில்லை. உள்ளே இருக்கும் துளையின் அளவு, ஊதும் விளிம்பின் கூர்மை, விரல்துளைகளின் அமைப்பு ஆகியவைதான் நாதத்தை முடிவு செய்கின்றன. ஆகவே கார்பனில் குழல் செய்தால் ஒலியில் பெரிய நல்லதோ கெட்டதோ வந்துவிடாது. நன்மை வேறிடத்தில் இருக்கிறது. குளிர்ந்த மரக் கிளாரினெட்டில் சூடான ஈர மூச்சு பட்டால் அது வெடிக்கக்கூடும், கார்பன் வெடிக்காது. மணிக்கணக்கில் தூக்கிப்பிடிக்க வேண்டிய டிராம்போனின் கனம் குறையும், அதனால் தோளும் மணிக்கட்டும் தப்பும். புஃபே கிராம்போன் நிறுவனம் கருமரத் தூளோடு கார்பன் இழை கலந்து செய்யும் கிளாரினெட் இந்த வழியில் ஏற்கெனவே நடைமுறைக்கு வந்துவிட்டது.

பியானோவைப் பொறுத்தவரை ஒரு சிறு தகவலோடு நகர்ந்துவிடலாம். 2015-இல் ஹங்கேரியக் கலைஞர் கெர்கெய் போகான்யி கார்பன் கலவை ஒலிப்பலகையோடு ஒரு பெரிய பியானோவை அறிமுகப்படுத்தினார். கவாய் நிறுவனத்தார் விசைகளுக்கும் சுத்திகளுக்கும் இடையே உள்ள நுணுக்கமான பொறியமைப்பில் கார்பன் கலந்த பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துகிறார்கள். இந்த இரண்டாவதுதான் எனக்கு அதிகச் சரியாகப் படுகிறது. ஈரத்தில் உப்பி மாட்டிக்கொள்ளும் மரப் பாகங்களுக்கு அது நேரடியான மருந்து.

சரி, வீணையும் மிருதங்கமும்? இதைக் கேட்காமல் நம்மில் யாரும் விடமாட்டோம். வீணையின் நாதத்தில் ஒரு பெரும் பங்கு கம்பிகளைத் தாங்கும் குதிரையின் மேலிருக்கும் வளைந்த உலோகத் தகட்டில் இருக்கிறது. கம்பி அந்த வளைவை ஒட்டி ஒட்டி விலகுவதால்தான் அத்தனை மேலொலிகள் கிளம்புகின்றன. தம்பூராவிலும் இதுதான் நடக்கிறது. சி.வி. ராமன் 1920-களின் தொடக்கத்திலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆகவே குடத்தையும் தண்டியையும் (நீண்ட கழுத்தையும்) கார்பனில் செய்தாலும் குதிரையை அப்படியே வைத்தால் வீணை வீணையாகத்தான் பேசும். ஆனால் மேலொலி ஏற்கெனவே நிறைந்த வாத்தியம் என்பதால், மேற்பலகையைக் கார்பனாக்கினால் மினுமினுப்பு மிதமிஞ்சிப் போகலாம். நான் செய்வதாக இருந்தால் பலகையை மரத்திலேயே விட்டுவிடுவேன், தண்டியைக் கார்பனாக்குவேன். காரணம் கமகம். கம்பியை ஆழமாக இழுக்கும்போது தண்டி மயிரிழை வளையும். அப்போது தாளக் கம்பிகளின் சுருதியும் மயிரிழை இறங்கும். கார்பன் தண்டி அந்த இழுப்பை அசையாமல் தாங்கிக்கொள்ளும்.

மிருதங்கத்தில் நிலைமை வேறு. சாதாரணத் தோல் மேளத்தின் மேலொலிகள் சுருதியில் சேராது. வலந்தலையின் நடுவே பூசும் கறுப்புக் கரணையும், விளிம்பைச் சுற்றியுள்ள தோல் அடுக்கும் அந்த மேலொலிகளை ஒழுங்குபடுத்திச் சுருதியில் கொண்டுவந்து நிறுத்துகின்றன. இதையும் ராமன் 1920-இலேயே விளக்கிவிட்டார். அந்த அற்புதம் முழுக்கத் தோலில் நடக்கிறது. கட்டையைக் கார்பனாக்கினால் தூக்கிப்போவது எளிது, விரிசல் கவலை இல்லை. தோலுக்குப் பதிலாகக் கார்பன் தகடு என்பது மட்டும் நடக்காது. தோல் இழுவிசையால் பாடுகிறது, தகடு விறைப்பால் பாடும். இரண்டின் இயற்பியலே வேறு.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். மர வயலினைப் பிரித்து மறுபடி ஒட்ட முடியும். விலங்குப் பசை சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகிக் கொடுக்கும், அதனால்தான் முந்நூறு வருடத்து வயலின்கள் இன்னும் வாசிக்கப்படுகின்றன. எபாக்சி இளகாது. உள்ளே அடுக்கு பிரிந்தால் வெளியே எதுவும் தெரியாமல் ஒலி மட்டும் மந்தமாகும்; ஒட்டுப் போடலாம், கழற்றிச் சீர்செய்ய முடியாது. கடைசி நேரத்தில் பலகையை விரலால் தட்டிக் கேட்டு, இன்னும் கொஞ்சம் இழைத்து, மறுபடி தட்டிக் கேட்டுக் குரலைத் திருத்தும் அந்தக் கைவேலைக்கும் கார்பனில் இடம் குறைவு. இழையை அறுத்துவிட்டால் பலமே போய்விடும். அப்புறம், இழை தயாரிக்க நிறைய ஆற்றல் செலவாகும், உடைந்த வாத்தியம் மண்ணோடு மக்காது. காட்டை வெட்டாததால் மட்டும் இது பசுமையான பொருள் ஆகிவிடாது. நீண்ட காலம் வாசித்தால்தான் கணக்கு நேராகும். இந்தக் காரணத்தால் சணலைப்போலச் செடியிலிருந்து எடுக்கும் ஆளி இழையில் கிட்டார் செய்பவர்களும் இருக்கிறார்கள். அது மேலொலியைத் தணிப்பதால் ஒலியும் மரத்துக்கு நெருக்கமாக வருகிறது.

கடைகளில் "கார்பன் கம்பி" என்று விற்கும் கிட்டார், ஹார்ப் கம்பிகளுக்கும் இந்தப் பேச்சுக்கும் சம்பந்தம் இல்லை. அவை ஃபுளோரோகார்பன் என்ற பிளாஸ்டிக். பெயரை வைத்து நிறையப் பேர் குழம்பிவிடுகிறார்கள்.

இப்போது முதலில் சொன்ன மீதிப் பாதி. மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பா மாதிரியான வாத்தியத்தில் ரோஸ்வுட் கட்டையின் அடியை வளைவாகக் குடைந்து, இரண்டாவது அதிர்வை அடிப்படை ஸ்வரத்துக்கு இரண்டு ஸ்தாயி மேலே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். குடைவதுதான் மரத்தில் உள்ள ஒரே வழி. கார்பனில் குடைய வேண்டாம். எந்த இடத்தில் விறைப்பு வேண்டுமோ அங்கே ஒரு அடுக்கைக் கூட்டினால் போதும். மேலொலிகளை ஒவ்வொன்றாக நினைத்த இடத்தில் வைக்கலாம், இயற்கையில் எந்த மரமும் உலோகமும் தராத வரிசையில்கூட.

இன்னும் ஒன்று எனக்குத் தூக்கத்தில்கூட வரும். இழைகளை ஒரே பக்கமாகச் சாய்த்து அடுக்கினால், அந்தப் பட்டை வளையும்போது தானாகவே முறுக்கவும் செய்யும். விமான இறக்கையிலும் காற்றாலை இறக்கையிலும் இந்தக் குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள். வாத்தியத்தில் இதை வைத்து என்ன செய்யலாம்? ஒரு முனையை இறுகப் பிடித்த ஒரு சாண் நீளக் கார்பன் நாக்கு. அதன் வளைவு அதிர்வும் முறுக்கு அதிர்வும் ஏறக்குறைய ஒரே அதிர்வெண்ணில் இருக்கும்படி அடுக்கியிருக்கிறோம். விரலால் மீட்டினால் முதலில் அது மேலும் கீழும் ஆடும், காற்றைத் தள்ளும், ஒலி நிறைந்து கேட்கும். ஆற்றல் மெல்ல மெல்ல முறுக்குக்கு மாறும். முறுக்கு காற்றை அவ்வளவாகத் தள்ளாது, ஒலி தேயும். பிறகு ஆற்றல் மறுபடி வளைவுக்குத் திரும்பும், ஒலி மறுபடி எழும்பும். கார்பனில் உள்ளிழப்பு குறைவு என்பதால் இந்த ஏற்ற இறக்கம் பல முறை நடக்கும். மின்சாரம் இல்லை, வேறு கருவி எதுவும் இல்லை. ஒரே ஒரு மீட்டலில் ஸ்வரம் மூச்சு விடும். அப்படிப்பட்ட நாக்குகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் மூச்சின் வேகத்தை வேறு வேறாக அமைத்து, எல்லாவற்றையும் பால்சா நடுவைத்த ஒரு பெட்டியின் மேல் பொருத்த வேண்டும். இரண்டு நாக்குகளைச் சேர்த்து மீட்டினால் ஒன்று தேயும் நேரத்தில் மற்றது எழும்ப வேண்டும். கார்பன் ஃபைபரில் நான் முதலில் கேட்க விரும்பும் வாத்தியம் அதுதான்.